நிலவுக்கு எடை உண்டா? அல்பீரூனி எழுப்பிய வினாவும் அதன் நெடும்பயணமும்

சென்ற ரமளானில் ஓரிரவு தராவீஹ் முடிந்து பள்ளிவாசலின் படியிறங்கிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். எங்கள் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருந்த ஒரு பதிவு அது. ஈர்ப்பு விசையை நியூட்டனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் கண்டுபிடித்துவிட்டார் என்றும், மேற்குலகம் அதனைத் திட்டமிட்டு மறைத்துவிட்டது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. “இது உண்மைதானா மாமா? வகுப்பில் சொன்னால் சிரிக்கமாட்டார்களே?” என்று அவர் கேட்டார். “பாதி உண்மை” என்று கூறி அனுப்பிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்த விடை எனக்கே உவப்பாக இல்லை. பாதி உண்மை என்றால் எந்தப் பாதி? அவருக்குத் தர வேண்டிய முழுமையான விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

விடையைத் தொடங்க வேண்டிய இடம் கிரேக்கம். கல்லை மேலே எறிந்தால் அது கீழே விழுகிறது. தீயின் சுடரோ மேல்நோக்கி எழுகிறது. இவ்விரண்டையும் கண்ட அரிஸ்டாட்டில், மண்ணும் நீரும் உலகின் மையத்தை நாடும் இயல்புடையவை, காற்றும் நெருப்பும் மையத்தைவிட்டு விலகும் இயல்புடையவை என்று வகுத்தார். முன்னவற்றின் இயல்பு கனம். பின்னவற்றின் இயல்பு இலேசு. ஆனால் நிலவும் கோள்களும் விண்மீன்களும் விழுவதுமில்லை, மேலெழுவதுமில்லை; ஓயாமல் சுற்றிவருகின்றன. ஆகவே அவை இந்நான்கு பூதங்களாலும் ஆனவை அல்ல, கனமும் இலேசும் அற்ற ஐந்தாவது பொருளால் ஆனவை, வட்டமாகச் சுற்றுவதே அவற்றின் இயல்பு என்று அவர் முடிவு கட்டினார். இவ்வாறு நிலவின் கீழே ஒரு சட்டம், நிலவிலிருந்து மேலே மற்றொரு சட்டம் என, இடையே ஒரு மதில் எழுந்தது. ஏறத்தாழ 2000 ஆண்டுகள் நின்ற மதில் அது. ஈர்ப்பு விசையின் வரலாறு என்பது உண்மையில் அம்மதில் தகர்ந்த வரலாறேயாகும்.

அரிஸ்டாட்டிலின் நூல்கள் அப்பாஸிய ஆட்சிக் காலத்தில் அரபு மொழிக்கு வந்தன. அவற்றை நம் முன்னோர் பாராமல் ஒப்புவித்தார்கள் என்று எண்ணுவோர் உண்டு. முழுவதும் மறுத்தார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டும் பிழை என்பதற்கு ஒரு கடிதப் போக்குவரத்தே போதிய சான்று.

கி.பி. 1000-ஐ ஒட்டிய ஆண்டுகள். அரல் கடலுக்குத் தெற்கே குவாரிஸ்மில் பிறந்த அபூ ரைஹான் அல்பீரூனிக்கு அப்போது முப்பது வயதும் நிறைந்திருக்கவில்லை. புகாராவில் இருந்த இப்னு ஸீனா அவரினும் ஏழு வயது இளையவர். பீரூனி அவருக்குப் பதினெட்டு வினாக்களை எழுதியனுப்பினார். அவற்றுள் பத்து, வானுலகைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூல்மீது எழுப்பப்பட்டவை. முதல் வினாவே மதிலின் அடிக்கல்லைத் தொட்டது. வானுலகப் பொருள்கள் மையத்தை நோக்கி விழவில்லை என்பதைக் கொண்டு அவற்றுக்குக் கனமே இல்லை என்று எங்ஙனம் துணியலாம்? கனம் இருந்தும் வேறொரு காரணத்தால் அவை விழாமல் நிற்கலாகாதா? வட்டமாகச் சுற்றுவது அவற்றின் பிறவி இயல்பாக இல்லாமல் வெளியிலிருந்து வந்த ஒன்றாக இருக்கலாகாதா?

இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் நிலவுக்கு நிறை உண்டு, புவி அதனை ஈர்க்கிறது, ஆயினும் அது நம் தலைமேல் விழுவதில்லை என்று அறியும். பீரூனி அதனைச் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம், அவ்வாறு இருக்க இயலாது என்பதற்கு நீங்கள் காட்டும் நியாயம் போதாது என்பதே. ஆறாம் வினாவில் இன்னும் ஒரு படி செல்கிறார். வானம் கோளவடிவம் கொண்டதாகவே இருந்தாக வேண்டும் என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய காரணம் செல்லாது. நீள்வட்ட வடிவமாயினும் உரிய அச்சில் சுழன்றால் அவர் அஞ்சிய இடையூறு எதுவும் நேராது என்கிறார். வானம் அவ்வடிவினது என்று தாம் நம்பவில்லை, வாதத்தின் குறையையே சுட்டுகிறேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். அந்த நேர்மைதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

இப்னு ஸீனா வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் விடையளித்தார்; பெரும்பாலும் அரிஸ்டாட்டிலின் பக்கமே நின்றார். பீரூனி நிறைவடையாமல் மறுப்பு எழுதினார். பின்னர் இப்னு ஸீனாவின் மாணவர் மஃஸூமீ ஆசிரியர் சார்பில் பதில் வரைந்தார். சொற்கள் சில இடங்களில் சூடேறின. கருத்து வேறுபாடு தோன்றியவுடன் ஒருவரையொருவர் வழிகேடர் எனத் தூற்றும் பழக்கம் நம்மிடையே பெருகியுள்ள இந்நாளில், உறைந்த நீர் ஏன் மிதக்கிறது என்பதற்காக இரு பேரறிஞர்கள் வாதிட்டுக்கொண்டதைப் படிப்பது மனத்துக்கு இதமாக இருக்கிறது. அதுவும் அப்பதினெட்டு வினாக்களுள் ஒன்று.

இப்னு ஸீனா வெறும் உரையாசிரியராக நின்றுவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். எறியப்பட்ட கல், கையைவிட்டு நீங்கிய பின்னும் ஏன் தொடர்ந்து செல்கிறது? காற்று அதனைத் தள்ளுகிறது என்றார் அரிஸ்டாட்டில். எறிபவர் கல்லுக்கு ஒருவகைச் சாய்வை, அரபியில் மைல் எனப்படுவதை, ஊட்டுகிறார் என்றும், தடுப்பதற்கு ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் அச்சாய்வு தேயாது என்றும் இப்னு ஸீனா கூறினார். இக்கருத்தின் விதை ஆறாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஃபிலோபோனஸிடமே உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த அபுல் பரகாத் இதனை வளர்த்து, விழும் பொருளில் சாய்வின்மேல் சாய்வாகச் சேர்ந்துகொண்டே போவதால்தான் அதன் வேகம் கூடுகிறது என்று விளக்கினார். யூதராகப் பிறந்து முதுமையில் இஸ்லாத்தைத் தழுவியவர் அவர். அறிவு ஒரு சமூகத்தாரின் தனிச்சொத்தாக என்றும் இருந்ததில்லை.

இனி அந்த வாட்ஸ்அப் பதிவு பெயர் குறிப்பிட்ட அறிஞருக்கு வருவோம். அவர் அப்துர் ரஹ்மான் அல்காஸினீ. மர்வு நகரில், இன்றைய துர்க்மெனிஸ்தானில், அடிமையாக வளர்ந்து, எசமானரால் உயர்கல்வி அளிக்கப்பட்டு, சுல்தான் ஸன்ஜரின் அவைவரை உயர்ந்தவர். தமக்கு வெகுமதியாக வந்த ஆயிரம் தீனாரைத் திருப்பியனுப்பிவிட்டு எளிமையாக வாழ்ந்தார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. ஹிஜ்ரி 515-இல், அதாவது கி.பி. 1121–22-இல், அவர் முடித்த நூல் ‘மீஸானுல் ஹிக்மா’. ‘ஞானத்தின் தராசு’ என்பது அதன் பொருள். ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு தராசை அவர் அதில் விரிவாக வருணிக்கிறார். பொருளைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, தங்கத்தில் வெள்ளி கலந்துள்ளதா, மணிக்கல் உண்மையா போலியா என்று கண்டறியும் கருவி அது. பீரூனி முன்னரே உலோகங்களுக்கும் மணிகளுக்கும் அளந்து வைத்திருந்த ஒப்படர்த்தி அட்டவணைகளையும் அவர் பயன்படுத்திக்கொண்டார். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ‘அல்முதஃப்பிஃபீன்’ என்னும் அத்தியாயமே அருளப்பட்ட சமுதாயத்தில், தராசு என்பது கடைத்தெருவின் கருவி மட்டுமன்று. எடை என்றால் என்ன என்று காஸினீ ஆழ்ந்து சிந்தித்ததற்கு அந்த நீதியுணர்வும் ஒரு காரணம்.

அச்சிந்தனையின் இடையேதான் அவர் அந்தப் புகழ்பெற்ற கூற்றைக் கூறுகிறார்: ஒரு பொருளின் எடை எங்கும் ஒன்றாக இராது, உலகின் மையத்திலிருந்து அது இருக்கும் தொலைவைப் பொறுத்து மாறும். இதைப் படித்தவுடன் நமக்கு மெய்சிலிர்க்கிறது. பதிவை எழுதியவரும் இவ்விடத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் காஸினீ நிறுத்தவில்லை. எவ்வாறு மாறும் என்பதையும் அவர் கூறியிருக்கிறார். மையத்தைவிட்டு விலக விலக எடை கூடும், நெருங்க நெருங்கக் குறையும், தொலைவின் விகிதமே எடையின் விகிதம் என்பது அவர் கருத்து. நியூட்டனின் விதியோ, புவிக்கு வெளியே ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்கிறது. மேலே செல்லச் செல்ல எடை குறையவே செய்யும். ஆக, பதிவு பெருமையுடன் காட்டிய இடத்தில், நியூட்டனின் விதிக்கு நேர் எதிரானது இருக்கிறது. அம்மாணவர் அதை வகுப்பில் கூறி, ஆசிரியர் மூலநூலைத் திறந்து காட்டியிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும்?

இங்கே ஒரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். புவியின் உட்பகுதி எங்கும் ஒரே அடர்த்தி உடையது என்று கொண்டு, அதன் மையம்வரை ஒரு சுரங்கம் தோண்டினால், அச்சுரங்கத்துக்குள் எடை காஸினீ கூறிய விகிதத்திலேயே குறைந்துகொண்டு வரும். மையத்தில் இல்லாமலே போய்விடும். இதனை நிறுவிக் காட்டியவரும் நியூட்டன்தான். ஆனால் காஸினீ அதனை அறிந்து கூறவில்லை. தற்செயலான பொருத்தத்தை முன்னறிவிப்பாக்குவது வரலாறு ஆகாது.

காஸினீயிடம் இருந்த பெரிய குறை வாய்பாடன்று. அவருடைய விதி மண்ணுலகின் கனப் பொருள்களுக்கே உரியது. நிலவு அக்கணக்கில் வரவே இல்லை. பீரூனி தட்டிய மதில் அவருக்கும் மதிலாகவே நின்றது. எடையை அளந்தவர் வானைச் சேர்க்கவில்லை. வானை அளந்தவர்கள் எடையைச் சேர்க்கவில்லை.

அந்த இரண்டாம் சாராரின் வரலாறும் பெருமைக்குரியதே. கோள்களின் நிலையை முன்கூட்டிக் கணிக்க தாலமி வகுத்த அமைப்பில் ஒரு முரண் இருந்தது. தன் அச்சில் சுழலும் ஒரு சக்கரம், அச்சிலிருந்து பார்த்தால் சீரின்றியும், வேறொரு புள்ளியிலிருந்து பார்த்தால் மட்டுமே சீராகவும் சுழல்கிறது என்று அது கூறியது. கணக்கு சரியாக வந்தது. இயற்கையில் அப்படியொரு சக்கரம் இருக்க முடியுமா? இப்னுல் ஹைதம் இதனைக் கடுமையாகச் சாடி, தாலமி மீதான ஐயங்கள் என்றே ஒரு நூல் எழுதினார். கணிப்பு பலித்தால் போதாது, உண்மையில் அப்படி நிகழக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்தல். 1259-இல் மராகாவில் வானாய்வுக்கூடம் அமைத்த நஸீருத்தீன் தூஸி, ஒரு வட்டத்துக்குள் அதில் பாதியளவுள்ள மற்றொரு வட்டத்தை உருளவிட்டு அம்முரணை நீக்கும் வழி கண்டார். அக்கூடத்துக்குப் பொருளுதவி செய்தவர், அதற்கு முந்தைய ஆண்டு பக்தாதை அழித்த ஹூலாகு. இந்த உண்மையைக் கடந்துசெல்வது எனக்கு என்றும் எளிதாக இருந்ததில்லை.

இவ்வழியில் உச்சத்தைத் தொட்டவர் பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னுஷ் ஷாதிர். ஆறு வயதில் தந்தையை இழந்து, தந்தத்தை இழைத்துப் பதிக்கும் கைத்தொழிலைக் கற்று வளர்ந்தவர். பின்னர் உமையாப் பள்ளிவாசலில் முவக்கித், அதாவது தொழுகை நேரங்களைக் கணித்துத் தரும் அலுவலர், ஆனார். நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணையை நாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். அஸருக்கு நிழல் ஒரு மடங்கா இரு மடங்கா என்று ஷாஃபியீ, ஹனஃபீ மத்ஹபுகளின் வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த நிழலின் பின்னால் கோளியல் கணிதம் முழுவதும் இருக்கிறது. ஹிஜ்ரி 773-இல் இப்னுஷ் ஷாதிர் பள்ளிவாசலின் மினாராவுக்கென ஒரு பெரிய சலவைக்கல் சூரியக் கடிகாரத்தை அமைத்தார். உடைந்துபோன அதன் துண்டுகள் டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

நிலவைப் பற்றி அவர் செய்த திருத்தம் மிக அழகானது. தாலமியின் அமைப்புப்படி, நிலவு நமக்கு மிக அருகே வரும்போது உள்ள தொலைவைப் போல ஏறக்குறைய இருமடங்கு தொலைவுக்கு அது விலகிச் செல்ல வேண்டும். அப்படியானால் வானில் அது சில நாள்களில் இருமடங்கு பெரிதாகத் தோன்ற வேண்டுமே! பிறை பார்க்கும் எவரும் அப்படியொன்றைக் கண்டதில்லை. இப்னுஷ் ஷாதிரின் அமைப்பில் இக்குறை பெரும்பாலும் நீங்கியது. 1543-இல் கோப்பர்னிகஸ் வெளியிட்ட நூலில் நிலவுக்கு அவர் தந்த அமைப்பும் இதுவும் ஒன்றே என்பதை 1957-இல் விக்டர் ராபர்ட்ஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியபோது வரலாற்றாசிரியர்கள் வியந்தனர். தூஸியின் இரட்டை வட்டமும் கோப்பர்னிகஸிடம் காணப்படுகிறது. எவ்வழியே இவை போலந்துவரை சென்றன என்பது இன்றும் ஆய்வுக்குரிய வினா. மேற்குலகம் மறைத்துவிட்டது என்று கூறுவோர், இவ்வொற்றுமையைத் தேடிக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தோரும் மேற்குலக ஆய்வாளர்களே என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம். டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் சுவடிகள் இருந்தன. அவற்றைத் திறந்து பார்க்காமல் இருந்தது யார்?

ஆயினும் இப்னுஷ் ஷாதிரின் அமைப்பு முழுவதும் வட்டங்களால் ஆனது. வட்டமே வானின் இயல்பு என்னும் பழைய முடிவை அவரும் ஐயுறவில்லை, கோப்பர்னிகஸும் ஐயுறவில்லை. செவ்வாய்க் கோளைப் பற்றிய டைக்கோ பிராஹேயின் அளவீடுகளோடு தம் கணக்கு 8 கலை, அதாவது ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்கு அளவே முரண்பட்டதைப் பொறுக்காத கெப்ளர், 1609-இல் வட்டத்தைக் கைவிட்டு நீள்வட்டத்தை ஏற்றார். சூரியனிலிருந்து ஏதோ ஒரு விசை கோள்களைச் செலுத்துகிறது என்றும் அவர் எண்ணினார். அவ்விசை எது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

1687-இல் நியூட்டன் வெளியிட்ட ‘பிரின்சிபியா’வில்தான் மதில் விழுந்தது. அக்கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். புவியின் பரப்பில் கைவிடப்பட்ட கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. நிலவு புவியின் மையத்திலிருந்து, புவியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தொலைவில் உள்ளது. ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையுமானால், அங்கே அது 60 பெருக்கல் 60, அதாவது 3600 மடங்கு குறைந்திருக்க வேண்டும். 4.9 மீட்டரை 3600-ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். இப்போது வானைப் பார்ப்போம். நிலவு நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எவ்விசையும் இல்லாவிடில் அது நேர்கோட்டிலேயே போய்விடும். அந்நேர்கோட்டைவிட்டு அது ஒவ்வொரு நொடியும் எவ்வளவு புவியின் பக்கம் வளைகிறது என்று அதன் பாதையிலிருந்து கணக்கிட்டால், வருவது அதே 1.36 மில்லிமீட்டர்!

நிலவு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கவாட்டில் அது செல்லும் வேகத்தால், விழும் அளவுக்குப் புவியின் வளைவும் விலகிக்கொடுக்கிறது. ஆகவே விழுந்து முடிவதே இல்லை. கனம் இருந்தும் வேறொரு காரணத்தால் அவை விழாமல் நிற்கலாகாதா என்று குவாரிஸ்மிலிருந்து எழுந்த வினாவுக்கு, ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது. நியூட்டன் அவ்வினாவைப் படித்தவர் அல்லர். பீரூனியும் இவ்விடையை ஊகித்தவர் அல்லர். என் மாணவ நண்பருக்குத் தரும் விடையும் இதுதான்: ஈர்ப்பு விதியைக் கண்டவர் நியூட்டன், அவ்விதி பிறப்பதற்குத் தடையாக நின்ற முடிவு ஆதாரமற்றது என்பதைச் சுட்டியவர்களுள் முன்னவர் அல்பீரூனி. வகுப்பில் இதைக் கூறலாம், எவரும் சிரிக்கமாட்டார்கள்.

விழுந்தும் விழாத அந்நிலை இன்று மனிதருக்கும் வாய்த்துள்ளது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்று பலரும் நினைக்கின்றனர். தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. நிலையமும் அதனுள் இருப்போரும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால் எடை உணரப்படுவதில்லை, அவ்வளவே. 2007 அக்டோபரில், ரமளானின் இறுதி நாள்களில், மலேசியாவைச் சேர்ந்த ஷேக் முஸஃபர் ஷுகூர் அங்கே சென்றார். 90 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றும் அந்நிலையத்தில் ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும். ஒவ்வோர் உதயத்தையும் ஒரு நாளாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 80 வேளை தொழ வேண்டியிருக்குமே!

மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் அவருக்காக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. விண்கலம் புறப்பட்ட இடமான பைக்கனூரின் 24 மணி நேரத்தைக் கொண்டு ஐவேளைகளைக் கணக்கிட வேண்டும். இயன்றால் கஅபாவை நோக்க வேண்டும். இயலாவிடில் கஅபாவுக்கு நேர்மேலே உள்ள வானை, அதுவும் இயலாவிடில் புவியை, அதுவும் இயலாவிடில் எத்திசையையேனும் நோக்கலாம். நிற்க முடியாதவர் இயன்ற நிலையில் தொழலாம். ஸுஜூதில் நெற்றியைத் தரையில் பதிக்க அங்கே எடை உதவாது. குனிவதற்கான சைகையும், அதற்கும் வழியில்லையேல் கண்ணிமையின் அசைவும் போதும். டமாஸ்கஸ் மினாராவின் சூரியக் கடிகாரத்தில் நிழல் பார்த்து நேரம் சொன்ன முவக்கித்தின் பணி, நிழலே நிலைக்காத ஓரிடத்திலும் செய்யப்பட வேண்டியிருந்தது. செய்தார்கள்.